ஆங்கிலேயப் பொதுச் சட்டமும் ஈக்விட்டியும்: ஓர் அறிமுகம்

நிலம் ஒருவர் பெயரில் இருக்கிறது. அதன் பலன் சேர வேண்டியதோ வேறொருவருக்கு. வழக்கு என்று வந்தால் நீதிமன்றம் பெயரைப் பார்க்குமா, கொடுத்த வாக்கைப் பார்க்குமா? இக்கேள்விக்கு இங்கிலாந்தில் நீண்ட காலம் இரு வேறு நீதிமன்றங்கள் இரு வேறு விடைகளைத் தந்தன. அந்த இரு நெறிகளின் அடிப்படையை இங்கு சுருக்கமாகப் பார்ப்போம்.

பொதுச் சட்டம்

ஒரு காலத்தில் இங்கிலாந்தில் ஊருக்கு ஊர் வழக்காறு வேறுபட்டது. மன்னர் இரண்டாம் ஹென்றியின் ஆட்சியில் (1154-1189) அரச நீதிபதிகள் நாடெங்கும் சென்று வழக்குகளை விசாரிக்கும் முறை வலுப்பெற்றது. அவர்களின் தீர்ப்புகளிலிருந்து நாடு முழுமைக்கும் பொதுவான சட்டம் உருவானது. இதுவே 'காமன் லா' எனும் பொதுச் சட்டம். முன்தீர்ப்புகளே இதன் அடித்தளம்.

ஆனால் இதில் இறுக்கமும் இருந்தது. வழக்குத் தொடர 'ரிட்' எனும் அரச ஆணை தேவை. குறைக்குப் பொருந்தும் ரிட் இல்லையென்றால் வழக்கே இல்லை. வென்றாலும் பெரும்பாலும் பண இழப்பீடுதான் கிடைக்கும்.

ஈக்விட்டி

வழியற்றவர்கள் மன்னரிடம் முறையிட்டனர். மன்னர் அம்மனுக்களைத் தம் தலைமை அமைச்சரான சான்சலரிடம் அனுப்பினார். அவர் மனசாட்சியின் அடிப்படையில் தீர்வு வழங்கினார். இவ்வாறு வளர்ந்ததே சான்சரி நீதிமன்றமும் 'ஈக்விட்டி' எனும் ஒப்புரவு நெறியும்.

ஓர் உதாரணம்: நிலத்தை நண்பர் பெயருக்கு மாற்றி, "என் பிள்ளைகளுக்காக வைத்திரு" என்று ஒருவர் ஒப்படைக்கிறார். பின்னர் அந்த நண்பர் அது தனக்கே சொந்தம் என்கிறார். பொதுச் சட்டத்தின் பார்வையில் நண்பரே உரிமையாளர். ஈக்விட்டியும் அதை மறுக்கவில்லை. ஆனால் பலனைப் பிள்ளைகளுக்கே தர வேண்டும் என்று அவரைக் கட்டுப்படுத்தியது. 'டிரஸ்ட்' என்ற கருத்தின் வேர் இதுதான்.

ஒப்பந்தத்தை நிறைவேற்ற உத்தரவிடுதல், தீங்கு நேராமல் தடுக்கும் தடையாணை ஆகியவையும் ஈக்விட்டியின் கொடைகளே. எனினும், இவற்றைக் கேட்பவரின் கை சுத்தமாக இருக்க வேண்டும். காரணமின்றிக் காலம் தாழ்த்தியவருக்கு உதவி மறுக்கப்படலாம்.

இரு நீதிமன்றங்களுக்கும் மோதல் முற்றியபோது, 1616இல் மன்னர் முதலாம் ஜேம்ஸ் ஈக்விட்டிக்குச் சாதகமாக முடிவு செய்தார். 1873-75 சட்டங்களால் இரு நெறிகளும் ஒரே நீதிமன்ற அமைப்பின் கீழ் வந்தன.

டிரஸ்டும் வக்ஃபும்

ஆங்கிலேயர் ஆட்சியில் இக்கருத்துகள் இந்தியாவுக்கும் வந்தன. 1882ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்ட் சட்டம், வக்ஃப் பற்றிய முஸ்லிம் சட்ட விதிகளைத் தான் பாதிக்காது என்று தொடக்கத்திலேயே விலக்களித்தது. ஆயினும், 1894இல் பிரிவி கவுன்சில் ஒரு குடும்ப வக்ஃபைச் செல்லாது என்றது. அறப்பணிக்கான பங்கு பெயரளவுக்கே இருந்தது என்பது அதன் கருத்து. முஸ்லிம்களின் எதிர்ப்புக்குப் பின், அத்தகைய வக்ஃபுகளை ஏற்கும் சட்டம் 1913இல் வந்தது. 1921இல் நீதிபதி அமீர் அலி வழங்கிய பிரிவி கவுன்சில் தீர்ப்பு, முதவல்லி ஆங்கிலச் சட்டப் பொருளிலான டிரஸ்டி அல்லர் என்று தெளிவுபடுத்தியது.

டிரஸ்டிக்குச் சொத்தில் சட்ட உரிமை உண்டு. முதவல்லியோ நிர்வாகி மட்டுமே. ஆனாலும் பிறருக்காகச் சொத்தைக் கையில் வைத்திருப்பவர் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர் என்பதில் இரு நெறிகளும் ஒன்றுபடுகின்றன. எனவே, யாருக்காக, எதற்காக ஒப்படைக்கிறோம் என்பதைத் தெளிவாக எழுதி வைப்பதே நாம் செய்ய வேண்டிய முதல் வேலை.