நைனியப்ப பிள்ளை வழக்கு

கோயில் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு, பரிவட்டம் யார் தலையில் என்று நம் பக்கம் நடக்கும் வம்புகளைப் பார்த்தவர்களுக்கு, பழைய ஐரோப்பாவில் திருச்சபைக்கும் அரசர்களுக்கும் நடந்த இழுபறி சுலபமாகப் புரியும். பிஷப்புகளை நியமிப்பது அரசரா, போப்பாண்டவரா என்பதுதான் சண்டை. 1077 ஜனவரியில் ஜெர்மனி அரசர் நான்காம் ஹென்றி, கனோசா கோட்டை வாசலில் பனியில் மூன்று நாள் காத்துக் கிடந்து போப் ஏழாம் கிரகோரியிடம் மன்னிப்பு வாங்கினார். ஏழே வருஷத்தில் அதே ஹென்றி ரோமாபுரியைப் பிடித்தார். போப் வெளியூரில் இறந்தார். பிரெஞ்சுப் பாடத்தில் நாங்கள் விலாவாரியாகப் படித்த கதை இது. அதே மாதிரி இழுபறி நம் புதுச்சேரியிலும் நடந்து ஒருவர் உயிரைக் குடித்ததைப் பிற்பாடுதான் படித்தேன்.

நைனியப்ப பிள்ளை 1708 முதல் பிரெஞ்சுக் கும்பினியின் தலைமைத் தரகர். துணி கொள்முதல், ஆள் சேர்ப்பு எல்லாம் அவர் கையில். அவ்வளவு பெரிய பதவியில் ஓர் இந்து இருப்பதைச் சேசு சபைப் பாதிரிமார் விரும்பவில்லை. ஏழைக் கிறிஸ்தவர்களுக்கு அவர் அன்னதானம் செய்து ஜெபமாலையும் கொடுத்தார், அதுவும் புகாராயிற்று! கவர்னர் எபேர் முதலில் அவருக்கு ஆதரவுதான். பதவி போய், 1715இல் திரும்பி வந்தபோது பாதிரிமார் பக்கம் சாய்ந்துவிட்டார்.

1716 பிப்ரவரியில் கைது. கொடுங்கோன்மை, ராஜத்துரோகம் என்று குற்றச்சாட்டு. சாட்சிகள் தமிழில் சொன்னதை மொழிபெயர்த்துப் பிரெஞ்சில் எழுதினார்கள். மொழிபெயர்த்தவர் சேசு சபை உபதேசியாரின் மகன். தங்களுக்கு வாசிக்கத் தெரியாத தாளில் சாட்சிகள் கையெழுத்துப் போட்டார்கள். வாக்குமூலத்தை அவரவர் பாஷையில் படித்துக் காட்டி, சரி என்ற பிறகே கையெழுத்து வாங்க வேண்டும் என்பது ஒரு சாதாரண குமாஸ்தாவுக்கும் தெரியும். தீர்ப்பு: கடைத்தெருவில் 50 கசையடி, மூன்று வருஷம் சிறை, சொத்துப் பறிமுதல், பிறகு நாடு கடத்தல். 1717 ஆகஸ்டில் சிறையிலேயே இறந்தார். பதவி, கிறிஸ்தவரான கனகராய முதலியாருக்குப் போனது.

மகன் குருவப்பா சும்மா இருக்கவில்லை. கப்பலேறிப் பாரீசுக்குப் போனார். அங்கே அவருக்குக் கைகொடுத்தவர்களும் பாதிரிமார்தான்; ஆனால் சேசு சபைக்கு ஆகாத வேறொரு சபையார். திருச்சபை என்று நாம் ஒன்றாகச் சொல்கிறோம், உள்ளே எத்தனை கட்சி! எபேரும் விசாரணைக்கு ஆளானார், தீர்ப்பு ரத்தானது. குருவப்பா பாரீசிலேயே ஞானஸ்நானம் பெற்றார். ஞானத்தந்தை, பிரான்சை அப்போது ஆண்டுகொண்டிருந்த ஓர்லியான் கோமகன். செயிண்ட் மிஷேல் வீரர் பட்டமும் கிடைத்தது. எந்த மதத்தைச் சொல்லித் தகப்பனை வீழ்த்தினார்களோ, அதே மதத்தை ஏற்று மகன் அந்தப் பதவியைத் திரும்பப் பெற்றார். விசுவாசமா, வியூகமா? இரண்டும் இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

1724இல் குருவப்பா காலமானார். பதவி மறுபடி கனகராய முதலியாரிடம் போய், 1746இல் அவர் இறக்கும்வரை அவரிடமே இருந்தது. அவருக்குப் பின் அந்த இடத்துக்கு வந்தவர், நாட்குறிப்பால் நாம் அறிந்த ஆனந்தரங்கப் பிள்ளை. நைனியப்பருக்கு உறவினர். கடைசிவரை இந்துவாகவே இருந்தார்.