கயிறு அவிழ்ந்த சொற்கள்

ஆங்கில அகராதியில் ‘சாங்க்’ என்றொரு பழஞ்சொல் உண்டு. இன்று ஆங்கிலேயரிலேயே பலருக்கு அதன் பொருள் தெரியாது. தூத்துக்குடியில் சங்கு குளிக்கிறவர் வீட்டுப் பிள்ளைக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அது நம் சங்குதான். போர்த்துக்கீசியர் நாவில் ‘சாங்கோ’ ஆகி, பிறகு ஆங்கிலேயர் கணக்கேட்டில் ஏறியது. நம் தோணியும் ‘டோனி’ என்ற பெயரில் அங்கே போய்க் குடியேறியது.

இத்தகைய சொற்களை ஹென்றி யூலும், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னலும் தேடித் தேடிச் சேர்த்தார்கள். பர்னல் 1882இல் மறைந்தார். அவர்களுடைய ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி அச்சாகி வந்தது 1886இல். பாடுபட்ட நூலை அவர் கண்ணால் காணவில்லையே என்று எனக்கு இன்றும் மனம் கனக்கும்.

கட்டுமரத்தின் கதை இன்னும் பெரிது. நம் கரையில் அதன் பெயரிலேயே செய்முறை அடங்கியிருக்கிறது. செதுக்கிய மரங்களை ஒன்றோடொன்று சேர்த்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவார்கள். மேலே ஏறும் அலைநீர் மர இடுக்கு வழியே வடிந்துவிடும். மூழ்கும் பேச்சே இல்லை. கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலில் காயப்போடுவார்கள்.

1697இல் வெளிவந்த தம் பயண நூலில் வில்லியம் டாம்பியர் சோழமண்டலக் கரையின் இந்தக் கலத்தைப் பெயரோடு எழுதினார். அதற்குப் பிறகு சொல்லின் கயிறும் அவிழ்ந்துவிட்டது. 1804இல் பூலோன் துறைமுகத்தில் நின்ற பிரெஞ்சுப் படகுகளைத் தகர்க்க, வெடிமருந்து அடைத்த பெட்டிகளை ஆங்கிலேயர் மிதக்கவிட்டார்கள். அவற்றுக்குப் பெயர் ‘கேட்டமரான்’! 19ஆம் நூற்றாண்டில் சண்டைக்காரப் பெண்ணை ஏசவும் அதே சொல்லை எடுத்தார்கள். இரண்டு உடல்களை இணைத்த படகு என்ற இன்றைய பொருளில் மட்டும் ‘கட்டு’ கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சலாபம் எனப்படும் முத்துக் குளிப்பின் சொற்களோ பெரும்பாலும் கரையிலேயே தங்கிவிட்டன. சிப்பி விளையும் கடலடிப் பாறைத்திட்டுக்கு இங்கே ‘பார்’ என்று பெயர். தூத்துக்குடியில் முத்து, சங்குக் குளிப்புகளைக் கண்காணித்த ஜேம்ஸ் ஹார்னெல் போன்றோர் தம் ஆங்கில அறிக்கைகளில் அதை அப்படியே எழுதினார்கள். முத்தைத் தரம் பிரிப்பதில்தான் நம்மவர்களின் நுட்பம் முழுதும் தெரியும். பத்துப் பித்தளைச் சல்லடைகள். முதலாவதில் 20 கண், கடைசியில் 1000 கண். 20 கண் சல்லடையில் நிற்பது பெருமுத்து. எல்லாவற்றையும் தாண்டி விழுவது தூள். அளவு பிரித்த பிறகு உள்ளங்கையில் உருட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். உருட்சியிலும் ஒளியிலும் குறையே இல்லாதது ஆணி.

1961க்குப் பிறகு இங்கே சலாபம் நடக்கவில்லை; சல்லடைகளுக்கும் வேலை போயிற்று. ஆனாலும் தொட்டிலாட்டும் பாட்டி பேரனை ‘ஆணிமுத்தே’ என்றுதான் கொஞ்சுகிறாள். அந்த ‘ஆணி’க்கு ஆங்கிலத்தில் ஈடான ஒற்றைச் சொல்லை நான் இன்னும் காணவில்லை.