கட்சிச் சார்பும் நாளேடும்: கெடாத் தோட்டங்களில் ‘தமிழ் நேசன்’

மலாயாத் தமிழ் இதழியலில் சார்பற்ற ஏட்டைத் தேடினால் நாம் ஏமாறுவோம். 1924இல் கோலாலம்பூரில் நரசிம்ம ஐயங்கார் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ இந்தியத் தேசிய உணர்வின்பால் சாய்ந்திருந்தது. 1935இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி தொடங்கிய ‘தமிழ் முரசு’ சீர்திருத்தக் கொள்கையை ஏந்தி நின்றது. சுங்கை பட்டாணி, கூலிம், பீடோங் வட்டாரத் தோட்டங்களில் எழுத்தறிந்த ஒருவர் உரக்க வாசிக்க, லயத்து மக்கள் சூழ்ந்திருந்து கேட்பர். ஏட்டின் சாய்வு அவர்கள் அறியாததன்று. அதை அறிந்தே விரும்பினர். நாம் ஆராய வேண்டியது வேறு: ஏடு எவர் உடைமையாக இருந்தது?

இருமுறை தோட்டத் தொழிலாளரின் சேமிப்பை நோக்கி அரசியல் தலைமை கைநீட்டியது. முதன்முறை 1960இல். ஆங்கிலேய முதலாளிகள் விற்ற தோட்டங்களை இடைத்தரகர் வாங்கித் துண்டாடினர். வேலையோடு வீடும் பறிபோயிற்று. ம.இ.கா. தலைவர் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவி, தோட்டந்தோறும் சென்று பங்கு சேர்த்தார். நூறு வெள்ளிப் பங்கை மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்தலாம். பால்மரம் வெட்டுவோர்க்குப் பத்து வெள்ளி சிறுதொகையன்று. அச்சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் கெடாவின் புக்கிட் சீடிம். கொடுத்த பணம் மண்ணாகக் கண்முன் நின்றது.

இரண்டாம் முறை 1982இல். ச. சாமிவேலு தலைமையில் ம.இ.கா. மைக்கா ஹோல்டிங்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. ஏறத்தாழ 66,000 பேர் பத்துக் கோடி ரிங்கிட்டுக்கு மேல் பங்கு வாங்கினர். நகையை அடகு வைத்தோரும் அவர்களுள் உண்டு. எதிர்பார்த்த ஆதாயம் வரவில்லை. மனக்குறை 2010இல் நிறுவனம் கைமாறும்வரை நீடித்தது. இக்காலத்தில் ‘தமிழ் நேசன்’ சாமிவேலு குடும்பத்தாரின் உடைமையாகியிருந்தது. தலைவரைக் கேட்கவேண்டிய கேள்வியைத் தலைவர் வீட்டு ஏட்டில் எவர் கேட்பார்? ஆசிரியர் நேர்மையாளரேயாயினும் அவர் நாற்காலி அங்ஙனம் அமைந்தது.

இதனால் ஏட்டின் பணி முழுவதையும் தள்ளிவிடலாகாது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 1950இல் அதில் நடத்திய கதை வகுப்பு நம் சிறுகதைக்கு அடித்தளம் இட்டது. தோட்டப் பள்ளி ஆசிரியர்கள் எழுத்தாளரான வரலாறு தனிச் சொற்பொழிவுக்கு உரியது.

மாற்றுக் குரலுக்கும் இடர் இருந்தது. 2007 நவம்பரில் இண்ட்ராப் பேரணி. 2008 மார்ச்சுத் தேர்தலில் சாமிவேலு தம் தொகுதியை இழந்தார், கெடா மாநில ஆட்சியும் எதிரணியிடம் சென்றது, பாடாங் செராய் நாடாளுமன்றத் தொகுதியிலும் எதிரணி வென்றது. மறுமாதமே ‘மக்கள் ஓசை’ நாளேட்டின் உரிமம் புதுப்பிக்க மறுக்கப்பட்டு, எதிர்ப்புக்குப்பின் வழங்கப்பட்டது. அரசின் ஆண்டு உரிமத்தை நம்பி அன்று வாழ்ந்த ஏட்டுக்கு உரிமையாளரைத் தவிர இன்னொரு எசமானரும் இருந்தார் என்பது அப்போது வெளிப்பட்டது.

‘தமிழ் நேசன்’ 2019 சனவரி 31உடன் நின்றது. அதற்குள் கெடாத் தோட்டங்கள் பலவற்றில் லயங்கள் வெறுமையாகி, வாசித்தோரும் கேட்டோரும் நகர்ப்புற வீடமைப்புகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர்.