பெயர் மூன்று பெற்ற மக்கள்

நீலகிரி மலைப்பகுதி 1868 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஒரு கூறாகவே இருந்தது. ஆட்சி எல்லை பிரிந்த பின்னும் மலைக்கும் சமவெளிக்குமான உறவு அறுந்ததில்லை. மேட்டுப்பாளையம் வழியாக அம்மலை ஏறியோருள் 1970களில் புதிதாக ஒரு கூட்டத்தார் சேர்ந்தனர். அவர்கள் கையில் இருந்தது இந்தியத் தூதரகம் வழங்கிய குடும்ப அட்டை. ஊரார் அவர்களுக்கு இட்ட பெயர் ‘சிலோன்காரர்’.

இவர்தம் முன்னோர் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து கங்காணிகளால் இலங்கைக்கு அழைத்துச் செல்லப்பட்டவர்கள். சேலத்தார் சென்றமையால் கொங்கு மண்ணுக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. நம் வட்டார வரலாறுகள் இதனைப் பெரிதும் பேசுவதில்லை. காப்பிக்காகவும் பின்னர்த் தேயிலைக்காகவும் காட்டைத் திருத்திய அம்மக்களைச் சிங்களப் பேரினவாதம் அந்நியர் என்றது. வருந்தத்தக்கது யாதெனில், மொழியால் ஒன்றுபட்ட யாழ்ப்பாணத்தாருள்ளும் பலர் அவர்களைத் ‘தோட்டக்காட்டான்’ என்றும் ‘வடக்கத்தியான்’ என்றும் இகழ்ந்தமையே. இனவெறுப்பு வேற்றுமொழியாரிடமிருந்து மட்டுமே வரும் என எண்ணுவது நம் மனத்துக்கு வசதியான எண்ணம்.

1947 தேர்தலில் மலையகத்திலிருந்து எழுவர் நாடாளுமன்றம் சென்றனர். தலவாக்கலையில் வென்ற சி.வி. வேலுப்பிள்ளை ஒரு கவிஞர். அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றவராக்கியது. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. உறுப்பினராயிருந்த கவிஞருக்கும் அவருக்கு வாக்களித்த கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கும் ஒரே கதி. அவர் ஆங்கிலத்தில் எழுதிய நெடுங்கவிதை ‘தேயிலைத் தோட்டத்திலே’ எனத் தமிழில் வந்தது. தோட்டத்து வாய்மொழிப் பாடல்களையும் அவர் தொகுத்து வெளியிட்டார். ஆவணம் மறுக்கப்பட்ட மக்களுக்குப் பாட்டே ஆவணமாயிற்று எனலாம்.

1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பகுத்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் செம்பாதியாகப் பிரிக்கப்பட்டனர். அம்மக்களை ஒருவரும் கேட்கவில்லை. ஒரு குடும்பத்திலேயே தமையன் இந்தியனாகவும் தம்பி இலங்கையனாகவும் ஆன நிலைமை இக்கணக்கின் விளைவு. அவர்கள் தலைமன்னாரிலிருந்து கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி மண்டபம் முகாமில் பதிவு செய்துகொண்டனர்.

‘தாயகம் திரும்பியோர்’ என்பது அரசு ஏடுகள் தந்த பெயர். ஆயினும் தாயகம் அவர்களுக்கு அறிமுகமற்றது. வணிகக் கடன் தந்து சமவெளியில் அமர்த்தப்பட்டோர் பலர், தெரிந்த தொழில் தேயிலையே என்று கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கம் வந்தனர். அரசுத் தேயிலைத் தோட்டங்கள் இவர்களுக்கெனவே 1968 முதல் உருவாயின. வால்பாறையிலும் அவற்றின் பிரிவுகள் உண்டு. அங்கும் வரிசை வீடு, அங்கும் கொழுந்துக் கூடை.

இவர்களுள் பெரும்பான்மையோர் தாழ்த்தப்பட்ட சாதியினர். ஆதலின் ‘சிலோன்காரர்’ என்னும் சொல்லில் ஊர்ப்பெயர் மட்டும் ஒலிக்கவில்லை. சாதிப் பெயரைச் சொல்லாமலே ஒதுக்குவதற்கு அது உதவிற்று. வேடிக்கை என்னவெனில், கல்விச் சலுகைக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டு நின்றபோது, அதை மெய்ப்பிக்கப் பூர்வீக ஊரின் ஆவணம் கோரப்பட்டது. நூறாண்டுக்கு முன் பஞ்சத்தால் விட்டுப்போன ஊருக்கு எங்ஙனம் ஆவணம் காட்டுவது? 1983க்குப் பின் ஏதிலியர் வந்து சேர, இந்தியக் குடிமக்களான இவர்களையும் ‘அகதி’ என்றழைக்கும் வழக்கம் பரவியது. அது மூன்றாம் பெயர்.

இலங்கையில் தங்கிவிட்டோருள் நாடற்றிருந்தவர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை அளித்தது. மலையகத்தின் கதைஞர் தெளிவத்தை ஜோசப்புக்கு 2013இல் கோவையில் விஷ்ணுபுரம் விருது வழங்கப்பட்டது. அம்மேடையிலிருந்து சில மணி நேரப் பயணத் தொலைவில், அதே மக்களின் உறவினர் ஓய்வுபெற்றதும் வரிசை வீட்டைக் காலி செய்ய வேண்டுமே என்னும் கவலையில் இருந்தனர். 2022இல் அரசுத் தேயிலைத் தோட்ட நிலத்தின் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பித் தரும் முடிவு வெளியானபோது அக்கவலை தெருவுக்கு வந்தது. கொழுந்துக் கூடையோடு நின்றவர்கள் கேட்டது, எந்த ஊருக்குப் போவது என்பதையே.