பெயரில் மட்டும் மதுரை

ஆலை இருக்கும் ஊருக்குச் சம்பளம் வரும். தலைமை அலுவலகம் இருக்கும் ஊருக்கு அதிகாரம் வரும். அடுத்த ஆலையை எங்கே கட்டுவது, யாருக்குக் கடன் கொடுப்பது என்பதெல்லாம் இயக்குநர் குழு கூடும் அறையில்தான் முடிவாகும். ஆடிட்டர்களும் வக்கீல்களும் விளம்பரக்காரர்களும் அந்த அறையைச் சுற்றியே கடை விரிப்பார்கள். நியூயார்க், லண்டன், டோக்கியோவின் வலிமையைச் சமூகவியலாளர் சாஸ்கியா சாசன் 1991-இல் விளக்கியபோது இந்தத் துணைத் தொழில்களுக்கே முதலிடம் கொடுத்தார்.

இந்தக் கணக்கில் மதுரை நிறையவே இழந்திருக்கிறது. 1911-இல் டி.வி. சுந்தரம் அய்யங்கார் இங்கே தொடங்கிய தொழிலின் பெரிய கிளைகள் சென்னையில் வளர்ந்தன. சுந்தரம் ஃபைனான்ஸ் 1954-இல் பிறந்ததே அங்கேதான். டி.வி.எஸ். மோட்டார் வண்டிகள் ஓசூரில் தயாராகின்றன, நிர்வாகம் சென்னையில். துறைமுகம், தலைமைச் செயலகம், பங்குச் சந்தை மூன்றும் ஒரே நகரில் இருந்தபோது தொழிலதிபர்களைக் குறை சொல்லவும் முடியாது. கருமுத்து தியாகராசர் 1943-இல் நிறுவிய பாங்க் ஆஃப் மதுரா 2001-இல் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியோடு இணைந்தது. அதன் பிறகு கடன் கொள்கை மும்பையில் தீர்மானமானது.

எல்லாவற்றிலும் வேடிக்கை மதுரா கார்மென்ட்ஸ் கதை. ஹார்வி சகோதரர்களின் மதுரை மில் வழியில் வந்த இந்த ஆயத்த ஆடைத் தொழிலை 1999-இல் ஆதித்ய பிர்லா குழுமம் வாங்கியது. லூயி பிலிப், வான் ஹூசன் சட்டைகளை விற்கும் அந்தப் பிரிவின் பெயரில் மதுரை அதன் பிறகும் இருந்தது. அலுவலகம் இருப்பது பெங்களூரில்.

மதுரையிலிருந்து டி. கல்லுப்பட்டி வழியாகச் செல்லும் சாலை ராஜபாளையத்தை அடைகிறது. ராம்கோ சிமென்ட்ஸின் பதிவு அலுவலகம் அங்கே. கார்ப்பரேட் அலுவலகம் சென்னையில். பாதி வழியில் நின்ற இடமாற்றம் இது.

அதே சாலையில், டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தம் கடைசி ஆண்டுகளைக் கழித்தவர் காந்தியப் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பா. லண்டனில் கணக்கியல் கற்று, பம்பாயில் ஆடிட்டராக இருந்து, நிறுவனங்களின் பேரேடுகளை உள்ளிருந்து பார்த்தவர். 1934-இல் அமைந்த அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தின் செயலாளராக, பம்பாயிலிருந்து அல்ல, வார்தாவிலிருந்து அதை நடத்தினார். குவிந்த உற்பத்தி அதிகாரத்தையும் குவிக்கும் என்பது அவர் வாதம். 1960 ஜனவரி 30-இல் காலமானார்.

அவர் விரும்பியபடி நாடு போகவில்லை. ஆனால் தலைமை அலுவலகம் பெருநகருக்குப் போயே தீர வேண்டும் என்ற விதியும் இல்லை. 1921-இல் நாடார் வங்கியாகத் தொடங்கிய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி, 2022-இல் பங்குச் சந்தைக்கு வந்த பிறகும் தூத்துக்குடியையே தலைமையிடமாக வைத்திருக்கிறது.