பின்காலனிய சினிமாவில் சைபர்பங்க்

உச்சத்தில் நிற்கும் தொழில்நுட்பமும் அடிமட்டத்துக்குப் போன வாழ்க்கையும் ஒரே தெருவில் குடியிருக்கும் எதிர்காலத்தைச் சொல்லும் அறிபுனை வகை சைபர்பங்க். 1982-இல் வெளிவந்த ‘பிளேட் ரன்னர்’ அதற்குத் திரையில் ஓர் உருவம் கொடுத்தது: ஓயாத மழை, நியான் பலகைகள், ஆசியர்கள் நெரியும் லாஸ் ஏஞ்சலஸ். அந்த ஆசிய முகங்கள் பெரும்பாலும் பின்னணிக்கே பயன்பட்டன. அப்படிப் பின்னால் நின்றவர்கள் கதையின் நடுவே வரக் காலம் பிடித்தது.

பின்காலனிய உலகின் மனிதர்களைக் கதையின் நடுவே நிறுத்தியதில் முன்னோடி, பெரு நாட்டுத் தந்தைக்கு நியூயார்க்கில் பிறந்த அலெக்ஸ் ரிவேரா. 1942 முதல் 1964 வரை ‘பிராசெரோ’ திட்டத்தின் கீழ் மெக்சிகோ கூலிகள் ஒப்பந்த அடிப்படையில் அமெரிக்க வயல்களுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அதற்கான பழைய பிரசாரப் படத்தையே பகடி செய்து, 1997-இல் ரிவேரா ஒரு குறும்படம் எடுத்தார். உழைப்பு எல்லை தாண்டும், உழைப்பவர் ஊரிலேயே இருப்பார் என்பது அதன் கருத்து.

இதே கரு 2008-இல் ‘ஸ்லீப் டீலர்’ என்ற முழுநீளப் படமாக வளர்ந்து, சண்டான்ஸ் விழாவில் இரண்டு விருதுகள் பெற்றது. நாயகன் மேமோவின் சொந்த ஊர் மெக்சிகோவின் ஒஹாக்கா மாநிலக் கிராமம். ஆற்றை மறித்த அணையில், துப்பாக்கி பொருத்திய கேமராவின் முன் காசு கொடுத்துத்தான் அவன் குடும்பம் தண்ணீர் எடுக்க வேண்டும். டிரோன் தாக்குதலில் தந்தை சாக, அவன் டிஹுவானாவுக்குப் போகிறான். அங்கே கைகளில் செருகுவாய்கள் பொருத்திக்கொண்டு, அமெரிக்கக் கட்டுமானத் தளத்திலுள்ள ரோபோவை இயக்குகிறான். எல்லைச் சுவரோ மூடியே கிடக்கிறது. ஜப்பானியக் கடைகளின் ரோபோக்களை இன்று மணிலாவிலிருந்து ஆட்கள் கவனித்துக்கொள்கிறார்கள்; ரிவேராவின் கணிப்பு எவ்வளவு துல்லியமானது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

ஆப்பிரிக்காவில் கேமரூனின் ழான்-பியேர் பெக்கோலோ இதற்கு முன்பே, 2005-இல், ‘லே சேனியாந்த்’ படத்தில் 2025-ஆம் ஆண்டின் ஊழல் அரசைக் காட்டியிருந்தார். கென்யாவின் வனூரி கஹியு எடுத்த ‘பும்ஸி’ (2009) தண்ணீர்ப் பஞ்சத்தைப் பேசும் குறும்படம். சைபர்பங்க்குக்கு அது தூரத்து உறவுதான்.

சால் வில்லியம்ஸும் ருவாண்டாவில் பிறந்த அனிசியா உசெய்மனும் இயக்கிய ‘நெப்டியூன் ஃப்ராஸ்ட்’ (2021) இந்த வகையை வேரோடு புரட்டியது. கதை நடப்பது புருண்டியில், படப்பிடிப்பு நடந்தது ருவாண்டாவில். கோல்டான் சுரங்கத்தில் தம்பி கொல்லப்பட்டதும் வெளியேறும் மட்டலூசா, மின்கழிவால் எழுந்த ஒரு கிராமத்தைச் சென்றடைகிறான். அங்கே விசைப்பலகையின் விசைகள்கூட உடையில் ஏறிவிடுகின்றன. கோல்டானிலிருந்து பிரிக்கும் டான்டலம், செல்பேசிகளின் மின்தேக்கிகளில் இருக்கிறது. நகரத்து ஹேக்கரிடமிருந்து கதையைத் தொடங்குவது சைபர்பங்க்கின் வழக்கம். இப்படம் அந்த ஹேக்கரின் கருவிக்கு மண் தோண்டியவனிடமிருந்து தொடங்குகிறது.