லூவன் பல்கலைக்கழகப் பிரிவினையும் பயிற்றுமொழிச் சிக்கலும்

பெல்ஜியம் நாட்டின் லூவன் நகரில், திருத்தந்தை ஐந்தாம் மார்ட்டினின் ஆணையால் 1425-இல் ஒரு பல்கலைக்கழகம் தோன்றியது. அங்கு இலத்தீன் அறிவுமொழியாக விளங்கியது. 1797-இல் பிரெஞ்சு ஆட்சி அதனை மூடியது. 1834-இல் ஆயர்கள் மெக்கலனில் தொடங்கிய கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் மறு ஆண்டே லூவனுக்கு இடம்பெயர்ந்தது. அதன் பயிற்றுமொழி பிரெஞ்சு. ஊரார் பேசிய டச்சுக்கு வகுப்பறையில் இடமில்லை.

1911 முதல் சில பாடங்கள் டச்சிலும் கற்பிக்கப்பட்டன. 1930-களில் இருமொழிப் பிரிவுகளும் இணையாக இயங்கலாயின. 1962-இல் வரையறுக்கப்பட்ட மொழி எல்லை லூவனை டச்சுப் பகுதியில் வைத்தது. எனினும், பல்கலைக்கழகம் அங்கேயே ஒன்றாகத் தொடரும் என 1966 மே திங்களில் ஆயர்கள் அறிவித்தனர். பிளெமிய மாணவர் கிளர்ந்தெழுந்தனர். 'வாலூனியரே வெளியேறுக' என்ற அவர்தம் முழக்கம், நாளடைவில் ஆயர்களின் அதிகாரத்தையே வினவும் குரலாகவும் மாறியது. 1968 பிப்ரவரியில் வான்டன் புய்னான்ட்ஸ் அமைச்சரவை கவிழ்ந்தது. அவ்வாண்டே பல்கலைக்கழகம் இரண்டாயிற்று.

நூலகமும் பகுக்கப்பட்டது. நூல்களிற் பெரும்பகுதி அடுக்கெண்ணின் ஒற்றை, இரட்டை அடிப்படையிற் பிரிக்கப்பட்டதால், தொடர் வெளியீடுகள் சில இரு நிறுவனங்களிலும் சிதறின. பிரெஞ்சுப் பிரிவுக்கெனப் புதுநகர் ஒன்று எழுந்தது. 1972-இல் அங்கு முதல் மாணவர் சேர்ந்தனர். அந்நகரின் பெயருக்குப் 'புதிய லூவன்' என்பது பொருள். துறந்த ஊரின் பெயரை மொழி துறக்கவில்லை. இன்று இரு பல்கலைக்கழகங்களிலும் ஆங்கிலவழிப் பாடங்களும் உள்ளன. பயிற்றுமொழி வினா முடிவுறவில்லை. வினவப்படும் மொழியே மாறியுள்ளது.